சூப்பர்வைசர் கடலில் மிதக்கிறார்

கடலில் மிதந்தபடி தண்ணீரை அளக்கும் எங்கள் போயாவுக்கு, கடற்பாசி வளர்க்கும் அந்தக் கரைப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் ‘சூப்பர்வைசர்’. ஏன் என்று கேட்டேன். “நாங்க ஒம்போது பேரு இடுப்பளவு தண்ணியில நின்னு வேலை பாக்குறோம். அது மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நடுவுல உக்காந்து வேடிக்கை பாக்குதுல்ல?” என்றார் அவர்களில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர். வெள்ளைச் சட்டை என்று அவர் சொன்னது பிவிசி குழாயை.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் போகிற வழியில் வடக்கே ஒதுங்கினால் வரும் பாக் விரிகுடாக் கரை அது. ஊர்ப் பெயரைப் போடவில்லை. “பேரைப் போட்டிய, நாளைக்கே நாலு ஊர்க்காரக விதை கேட்டு வந்து நிப்பாக” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். விதை கேட்டு வருவது அங்கே எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. இந்தப் பதிவே ஏறக்குறைய அதைப் பற்றியதுதான்.

போயா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நிறுத்திவைத்திருக்கிறதே, அவையெல்லாம் ஆளுயரத்தைத் தாண்டிய போயாக்கள். சூரியத் தகடு, காற்றுமானி, செயற்கைக்கோள் வழியே பேசும் வசதி எல்லாம் உண்டு. எங்களுடையது அந்த வம்சத்தில் கொள்ளுப்பேரன். இரண்டு முழ பிவிசி குழாய், இடுப்பில் வலைக்குக் கட்டுகிற மிதவைகள், தலையில் உள்ளங்கை அகலத்தில் நாலு சூரியத் தகடுகள். குழாய்க்குள் ஒரு லித்தியம் பேட்டரியும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டும். அடியில் மூன்று சென்சார்கள் தொங்கும். ஒன்று சூட்டைப் பார்க்கும், ஒன்று உப்பைப் பார்க்கும், ஒன்று கலங்கலைப் பார்க்கும். அவ்வளவுதான்.

நான் பாசி ஆள் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒரு சிறிய திட்டத்துக்காக ஆறு மாதம் என்று போய், மூன்றாவது வருடமாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். முதல் நாள் கரையில் ‘கப்பாஃபைகஸ் அல்வரேசி’ என்று தாவரவியல் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘பெப்சிப் பாசி’ என்றால்தான் அங்கே தெரியும். 2000ஐ ஒட்டி, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வளர்ப்பு முறையை வாங்கி, பெப்சி நிறுவனம் இந்தக் கரையில் இதைப் பயிரிட வைத்தது. 2008-ல் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் கடலிலேயே தங்கிவிட்டது. இந்தப் பாசியிலிருந்து கராஜீனன் என்ற பசை எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் மொழுமொழுவென்று இருப்பதிலும், பற்பசை பிதுக்கினால் உருக்குலையாமல் பிரஷ்ஷில் உட்காருவதிலும் அதற்குப் பங்குண்டு. பாசியைப் பிழிந்த சாறு வயலுக்கும் போகிறது. இஃப்கோவின் ‘சாகரிகா’ வாங்கித் தெளித்த விவசாயி யாராவது இதைப் படித்தால், அந்தச் சாறு கிளம்பிய இடம் இந்த மாதிரிக் கரைதான்.

வளர்ப்பது பார்க்க எளிது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசித் துண்டு. கணக்குப் போட்டால் ஒரு மிதவைக்கு 60 கிலோ. ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் அடியில் வலை. பத்துப் பத்து மிதவையாகக் கோத்து நங்கூரம் போட்டுவிட்டால், 45 நாளில் ஒவ்வொன்றும் 200 கிலோவைத் தாண்டும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மணலில் வலை விரித்துக் காயப்போட வேண்டும். காய்ந்தால் எடை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். கேட்க லாபமாகத்தான் இருக்கிறது. முடிச்சுப் போடுகிறவர்களின் விரலைப் பார்த்த பிறகு நான் லாபம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறேன். ஒரு மிதவைக்கு 400 முடிச்சு. ஆள்காட்டி விரலில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, பந்தல் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போடுவார்கள். பேச்சு நின்றால்தான் முடிச்சு தப்பும்.

விதை என்று சொல்கிறார்களே தவிர அது விதை இல்லை. முருங்கைக் கொம்பை ஒடித்து நடுகிற மாதிரி, பாசியின் நுனியை ஒடித்துக் கட்டுவது. 1980களில் வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கென்று கொண்டுவந்த கொஞ்சத்தை வெட்டி வெட்டிப் பெருக்கியதுதான் அந்தக் கடலில் பரவிக் கிடப்பது. எல்லாம் ஒரே ரத்தம். ஒன்றுக்குத் தாங்காத சூடு எல்லாவற்றுக்கும் தாங்காது. வயலில் நெல் போனால் விதை நெல் வீட்டுப் பத்தாயத்தில் இருக்கும். இங்கே பத்தாயமும் கடலுக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பத்தாயமே போனால் எப்படியிருக்கும் என்பதை இந்தக் கரை ஒருமுறை பார்த்துவிட்டது. 2001-ல் தமிழகக் கரையில் காய்ந்த பாசி 21 டன். 2013-ல் 1,490 டன். கிலோ நாலரை ரூபாய்க்குப் போனது 35 ரூபாய் வரை ஏறியது. அந்த உச்சியிலிருந்துதான் விழுந்தது. 2013-14-ல் மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து, கூழாகி, கயிறு மட்டும் மிஞ்சியது. கடல் சூடானதுதான் முதல் காரணம் என்கிறார்கள். ‘ஐஸ்-ஐஸ்’ என்று அந்த நோய்க்குப் பெயர். பிலிப்பைன்ஸ்காரர்கள் வைத்தது. தண்டு ஐஸ் குச்சி மாதிரி வெளுத்துப்போகும், தொட்டால் ஒடியும். கிருமி இருக்கிறது, ஆனால் கிருமி முதலில் வருவதில்லை. சூடோ உப்புக் குறைவோ வெளிச்சக் குறைவோ பாசியை வாட்டிய பிறகு, வாடிய இடத்தில்தான் அது உட்காரும். எனவே மருந்து என்று ஒன்றும் கிடையாது. வாடப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்தால் உண்டு.

“எங்களுக்குத் தெரியாதா தம்பி? தண்ணியில எறங்குனா காலு சொல்லிரும்” என்று பெரியக்கா ஆரம்பத்திலேயே சொன்னார். உண்மைதான், சொல்லும். ஆனால் கால் எப்போது தண்ணீரில் இருக்கிறது? விடிந்தும் விடியாமலும் இறங்கி, பத்துப் பதினொரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுகிறார்கள். அதற்கு மேல் முடிச்சு வேலை, சோறு, ரேஷன், பிள்ளை. கடல் கொதிப்பது மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை. அப்போது அந்தத் தண்ணீரில் ஒரு காலும் இருப்பதில்லை. சூப்பர்வைசருக்கு அங்கே வேலை இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான். “வெயில்ல நிக்கிறதுக்கு ஒரு ஆளு” என்றார்.

செயற்கைக்கோள் பார்க்காதா என்று கேட்கலாம். பார்க்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், பவளப்பாறைகள் வெளுக்கும் ஆபத்தைக் கடல் வெப்பத்தை வைத்தே எச்சரிக்கிறது. ஆனால் வானத்திலிருந்து பார்க்கும்போது கரையோர முந்நூறு நானூறு மீட்டர் என்பது நிலமும் நீருமாகக் குழம்பிக் கிடக்கும். எங்கள் மிதவைகள் கிடப்பது அந்தக் குழப்பத்துக்குள்தான். வேதாரண்யம் பக்கம் கடல் எத்தனை டிகிரி என்பதை வைத்து இந்தக் கரையில் இடுப்பளவு தண்ணீர் எவ்வளவு காயும் என்று சொல்ல முடியாது.

முதல் பெட்டியை நாங்கள் செய்யவில்லை, வாங்கினோம். விற்றவர்கள் பெயர் வேண்டாம். பார்க்க அழகு. மஞ்சள் நிறம், மேலே ஒரே பெரிய சூரியத் தகடு, உள்ளே சிம் கார்டு. கைப்பேசியில் ஒரு செயலி, முழுக்க ஆங்கிலம். வருடத்துக்கு ஒரு சந்தா. கட்டாவிட்டால் நம் கடலின் சூடு நமக்கே தெரியாது. இறக்கிய பத்தாவது நாள் மூச்சு நின்றது. திறந்து பார்த்தால் பேட்டரி காலி. இந்த மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? கமுதியில் 648 மெகாவாட்டுக்குச் சூரிய மின்நிலையமே நிற்கிறது. விசாரித்ததில் குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று ஆலா. கடலில் உட்கார இடமில்லாத பறவைக்கு நட்டநடுவே ஒரு மஞ்சள் திண்ணை கிடைத்தால் விடுமா? தகடு முழுக்க எச்சம், அதன்மேல் உப்புப் பொருக்கு. இன்னொன்று சிம். கரையிலேயே டவர் ஒரு கோடு, அரைக் கோடு. சிக்னலைத் தேடித் தேடியே அந்த மோடம் பேட்டரியைக் குடித்துவிட்டது. சென்சார் மூன்றும் சேர்ந்து ஒரு நாளில் குடிப்பதை அது ஒரு மணி நேரத்துத் தேடலில் குடிக்கும்.

அதன் பிறகுதான் நாங்களே கட்டினோம். தட்டையாக ஒரு தகட்டை வைப்பதற்குப் பதிலாகச் சின்னதாக நாலு தகடு, நாலு பக்கமும் கூரை மாதிரிச் சரித்து. பறவை உட்கார்ந்தால் வழுக்கும், வழுக்காத உச்சியில் கேபிள் டை முள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தகடாவது சூரியனைப் பார்க்கும். போயாவிலிருந்து சிம்மை எடுத்துவிட்டோம். பதிலுக்கு லோரா என்ற ரேடியோ. 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரிமம் எடுக்காமலே நம் நாட்டில் பயன்படுத்தலாம், மிகக் கொஞ்சம் மின்சாரத்தில் மெல்லிய குரலில் இரண்டு மூன்று கிலோமீட்டர் பேசும். அது பேசுவதைக் கேட்கப் பெரியக்கா வீட்டு மாடியில் ஒரு பெட்டி. சிம் அந்தப் பெட்டியில். அங்கிருந்து ஒன்பது பேருக்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி: சூடு இத்தனை, உப்பு இத்தனை, தண்ணீர் தெளிவு அல்லது கலங்கல். செயலி கிடையாது, சந்தா கிடையாது. கால் மணிக்கு ஒருமுறை அளந்து மூன்று மணிக்கு ஒருமுறை சொன்னால் போதும் என்று வைத்ததில் வாடைக்காலத்து மூடாப்பிலும் நாலைந்து நாள் தாங்கியது.

அடுத்த எதிரி கொட்டலசு. கடலில் எதைப் போட்டாலும் இரண்டு வாரத்தில் அது வந்து ஒட்டிக்கொள்ளும், சென்சார் என்று மரியாதை பார்க்காது. உப்பை அளக்கும் சென்சார்மேல் ஒட்டினால் கடல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீராகிக்கொண்டே போவதாகக் காட்டும். கலங்கலை அளப்பது ஒளியால் என்பதால் அதன் கண்ணில் பாசம் படிந்தால் போச்சு. செம்புப் பட்டி சுற்றினேன், கொஞ்சம் குறைந்தது. கடைசியில் தீர்வு பழைய டூத் பிரஷ். ஞாயிறுக்கு ஞாயிறு யாராவது ஒருவர் முறை வைத்துத் தேய்த்துவிடுவது. “இதுக்குப் பல்லு வெளக்கி விடுறதுக்கும் நாங்கதானா” என்று முனகல் உண்டு. தேய்த்த பிறகு ஒரு சொட்டுக் கடல்நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு, வானத்தைப் பார்த்து, கோடு எங்கே நிற்கிறது என்று படித்து, போயா சொன்ன உப்போடு ஒப்பிட்டு நோட்டில் எழுத வேண்டும். பத்தாவதோடு நின்ற ஒரு தங்கச்சிதான் இந்த வேலையில் கெட்டி. என்னைவிட நன்றாகப் படிக்கிறார். என் கண் பவர் வேறு.

இதெல்லாம் முடிந்து, எல்லாம் ஓடுகிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திய சமயத்தில்தான் அந்தத் தவறு தெரிந்தது. பங்குனி மாதம். குறுஞ்செய்தி 30, 30.5 என்று நல்ல பிள்ளையாக வந்துகொண்டிருந்தது. இந்தப் பாசிக்கு 25-லிருந்து 30 வரை சுகம், 32, 33-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. ஆகக் கவலை இல்லை என்று நான் நினைத்தேன். உள்வரிசை மிதவையில் நுனி வெளுக்க ஆரம்பித்திருந்தது. பெரியக்கா ஒரு துண்டை ஒடித்து என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சாயங்காலம்தான் சொன்னார்: “பெட்டி வெளிய கெடக்கு. பாசி உள்ள கெடக்கு. பெட்டி கீழ பாக்குது. பாசி மேல கெடக்கு.”

நாலு வாக்கியத்தில் என் மூன்று மாத வேலை முடிந்தது. போயாவை நான் வெளிவரிசைக்கும் வெளியே நிறுத்தியிருந்தேன், படகு போக வசதி என்று. அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே மிதவைகளுக்கு நடுவில் ஓட்டம் கிடையாது, காற்று விழுந்த நாளில் குளம் மாதிரி நிற்கும். சென்சாரையும் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டிருந்தேன், படித்த கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. பாசியோ மூங்கிலோடு மிதக்கிற பயிர், மேல்மட்டத்திலிருந்து ஒரு சாண் இரண்டு சாணுக்குள். வாங்கிய பெட்டியாக இருந்தால் கம்பெனியைத் திட்டியிருப்பேன். மறுநாள் மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு உள்வரிசையில் நின்று கைவெப்பமானியை ஒரு சாணில் பிடித்தால் ஒரு கணக்கு, இடுப்பாழத்தில் பிடித்தால் ஒன்றரை டிகிரி குறைத்து இன்னொரு கணக்கு. போயாவை இழுத்து நடுவில் கட்டினோம், வெப்ப சென்சாரைத் தூக்கிக் கயிற்று மட்டத்துக்கு வைத்தோம். வெள்ளைச் சட்டை நடுவில் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

சித்திரையில் அது உண்மையாகவே கத்தியது. மூன்று நாள் தொடர்ந்து பிற்பகலில் 32-ஐத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் தனிச்செய்தி போக வேண்டும் என்று வைத்திருந்தோம். போனது. காற்று சுத்தமாக விழுந்திருந்தது, கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. அன்று ராத்திரி மாடியில் கூட்டம்.

தொழில்நுட்பக் கட்டுரைகளில் இந்த இடத்தில் ‘எச்சரிக்கை கிடைத்ததும் நடவடிக்கை எடுத்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என்ன நடவடிக்கை? பாசிக்கு வயது 30 நாள். இப்போதே அறுத்தால் 200 கிலோவுக்கு நூறோ நூற்றிருபதோதான் வரும். இளம் பாசியில் பசையும் குறைவு, வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். கல் கட்டி மிதவையைத் தாழ்த்தலாம், அந்த ஆழத்தில் அரை முழம்தான் தாழும். தெற்கே கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். பாம்பனுக்கு இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா ஆண்கடல். ஆழமும் ஓட்டமும் அதிகம். வண்டியில் ஏற்றினால் ஒரு மணி நேரப் பாதை. ஆனால் கூடாது. பாக் விரிகுடாவின் வடக்குப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே இந்தப் பாசியை வளர்க்கலாம் என்று 2005-லேயே அரசாணை இருக்கிறது. நடுவில் இருப்பது 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட தேசியப் பூங்கா. குருசடைத் தீவில் இந்தப் பாசி தானே பரவிப் பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்த ஆணை சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அன்று ராத்திரி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

பெரியக்காதான் கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, நாற்பது மிதவை இருக்கிறது. நல்ல நுனியாக ஒடித்து ஆறு மிதவைக்குக் கட்டுவோம், வத்தைப் படகில் இழுத்து மூன்று பாகம், அதாவது மூன்று ஆள் ஆழத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவோம், மிச்சத்தில் தேறுவதை அறுப்போம். இரண்டு நாள், ராத்திரியிலும் முடிச்சு. நானும் போட்டேன். நான் போட்டதை அந்தத் தங்கச்சி அவிழ்த்துத் திரும்பப் போட்டார்.

எட்டாம் நாள் கரையோர மிதவைகளில் நுனி நுனியாக வெளுத்தது, பத்தாம் நாள் உதிர்ந்தது. முந்தியே அறுத்தது போக மிச்சம் கைக்கு வரவில்லை. ஆழத்தில் நிறுத்திய ஆறில் இரண்டை ஏதோ ஒரு விசைப்படகு ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு மிஞ்சியது. நாலு மிதவை என்பது 45 நாளில் 800 கிலோ. அதை 60 கிலோவாகப் பிரித்தால் 13 மிதவை. இன்னும் 45 நாளில் 2,600 கிலோ. பிரித்தால் 43. தொண்ணூறு நாள் ஒரு கிலோகூட விற்காமல் வாயைக் கட்டியிருந்தால் பழைய நாற்பது திரும்ப நிற்கும். ஆடிக் கடைசியில் நின்றது. அந்தத் தொண்ணூறு நாளும் இந்த ஒன்பது பேரின் குழுக் கடன் தவணை கட்டியது எப்படி என்பது வேறு கதை, அதில் இரண்டு ஜோடித் தோடு வருகிறது.

அடுத்த கரையில் ஒரு விதையும் மிஞ்சவில்லை. அவர்கள்தான் விதை கேட்டு வந்தார்கள்.

அதிலிருந்து நான் சூப்பர்வைசரைப் பயிர் காப்பாற்றும் கருவி என்று எங்கும் பேசுவதில்லை. விதையை ஒதுக்க நாலைந்து நாள் அவகாசம் வாங்கித் தருகிற கருவி, அதற்கு மேல் இல்லை. அந்த நாலைந்து நாளில் வத்தை வேண்டும், டீசல் வேண்டும், ஆழத்தில் நிறுத்த ஒரு இடம் வேண்டும், இரண்டு ராத்திரி விழிக்க ஒன்பது பேர் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் குறுஞ்செய்தி வெறும் துக்கச் செய்திதான். பிரதமர் மீன்வளத் திட்டத்தில் 2020-லிருந்து ஐந்து ஆண்டுக்குக் கடற்பாசிக்கென்றே 640 கோடி ஒதுக்கினார்கள். மிதவைக்குப் பெண்களுக்கு 60 சதவீத மானியம் என்று வைத்தார்கள். தொண்டிக்குப் பக்கத்தில் வளமாவூரில் விதை வங்கியும் திசு வளர்ப்புக் கூடமுமாகக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது. விதை வங்கி நிலத்தில் இருந்தால் இந்தப் பத்தாயப் பிரச்சினையில் பாதி தீரும். வங்கியிலிருந்து எந்த வாரம் விதை எடுத்து நட்டால் பிழைக்கும் என்று சொல்ல அப்போதும் ஒரு வெள்ளைச் சட்டை தேவைப்படும்.

உப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கார்த்திகையில் ஒருநாள் உப்பு 33-லிருந்து இறங்க ஆரம்பித்தது. இங்கே வானம் வெளிச்சமாக இருந்தது, மழையே இல்லை. வைகையில் வெள்ளம் வந்து ஆற்றங்கரை முகத்துவாரத்தில் விழுந்தால் குறையும், அந்த வருடம் அங்கே மணல்தான். கொட்டலசு என்று நினைத்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தும் இறங்கியது, சொட்டு வைத்துப் பார்த்தாலும் அதையே சொன்னது. வாடைக்காலத்தில் கடல் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கங்கையும் கோதாவரியும் கொட்டிய தண்ணீரைக் கலந்துகொண்டு வங்கக் கடல் நீர் இந்தக் கரைவரை வருவது அப்படித்தான். வாடையில் பாசி நொய்ந்துபோகும் என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அடிக்கிற அலைதான் காரணம் என்று சொல்லிவந்தார்கள். அலையும் காரணம்தான். ஆனால் கோதாவரித் தண்ணீர் பெரியக்கா காலைத் தொட்டுப் போகிறது என்பதை அந்தச் சின்னக் குழாய்தான் காட்டியது. அவருக்கு அது பிடித்திருந்தது. “கங்கைக்குப் போவணும்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு” என்றார்.

அது பார்க்காத விஷயமும் உண்டு. ஒடிந்த துண்டுகள் எங்கே மிதந்து போகின்றன, எந்தப் பாறையில் ஒட்டுகின்றன என்று அதற்குத் தெரியாது. நாம் கேட்டதைத்தான் அது அளக்கும், நாம் கேட்டது நம் பயிரின் சௌகரியத்தை மட்டும். உதிர்ந்த பாசியைக் கரையில் பொறுக்கி எடுத்துவிடுவது என்று குழு ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. காய்ந்தால் காசு என்பதால் ஒழுங்காகவே நடக்கிறது.

மாதச் செலவு சிம் ரீசார்ஜ் மட்டும்தான். முதலில் என் பெயரில் இருந்தது. நான் சென்னையில் ஒருவாரம் காய்ச்சலில் படுத்தபோது ரீசார்ஜ் தீர்ந்து செய்தி நின்றது, கேட்டதற்கு “தம்பி பெட்டி, தம்பிதான போடணும்” என்றார்கள். அன்றே சிம்மைக் குழுவின் பெயருக்கு மாற்றினேன். இப்போது குழுச் சந்தாப் பணத்தோடு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் சேர்த்து எடுக்கிறார்கள். கைமாறிய பிறகுதான் டூத் பிரஷ் முறையும் தவறாமல் நடக்கிறது.

கடைசியாகப் போன மார்கழி. வாடை கடுமையாகி மிதவைகளையெல்லாம் கரையேற்றிவிட்டார்கள். சூப்பர்வைசரையும் தூக்கிவந்து நன்னீரில் கழுவி, பெரியக்கா வீட்டில் சமையலறை ஜன்னலோரம் அரிசி டிரம்மின்மேல் வைத்திருந்தார்கள். சுவிட்சை அணைக்க நான் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் ஜன்னல் வழியே வெயில் விழுந்து, கிழக்குப் பார்த்த ஒரு தகடு விழித்துக்கொண்டது. ஏழரை மணிக்கு ஒன்பது பேருக்கும் செய்தி போயிருக்கிறது: சூடு 27, உப்பு 0, தண்ணீர் தெளிவு.

அடுத்த தெருவில் இருக்கும் அந்தத் தங்கச்சி ரிஃப்ராக்டோமீட்டரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியே விட்டாராம். வேறு இருவர் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தூக்கக் கலக்கத்தில் பெரியக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்டது.

“இங்கதான் இருக்காரு. ரசத்துக்கு இன்னும் உப்புப் போடலைன்னு சொல்றாரு” என்றார்.